கேட்காமல் வந்த மூன்று சொற்கள்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருடைய நினைப்பும். நாங்களும் இங்கே நலம் என்று வழக்கம்போல அடுத்த வரியை எழுதிவிட்டுப் போகலாம்தான், ஆனால் நான் சொல்ல வந்ததே அந்த வார்த்தையைப் பற்றித்தான் என்பதால் அதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன், பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீயும் நானும் மாறி மாறிப் பேசுகிறோம், அம்மா நம் இரண்டு பேர் முகத்தையும் பந்தாட்டம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதற்குள் உனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடுகிறது. அதனால் நீ அனுப்பின அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக மேஜையில் விழுந்திருக்கிறது, அம்மா பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள், தூங்குகிறாளா என்று எனக்குத் தெரியாது, நான் தட்டுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாலும் இருப்பாள்.

பக்கவாதம் வந்து வலது கையும் நாக்கும் அடங்கிப்போன அம்மாவை நீ பார்த்துவிட்டுத்தான் போனாய். வார்த்தையெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வாய்தான் வழிவிடமாட்டேன் என்கிறது என்று பேச்சுப் பயிற்சி தருகிறவர் சொன்னாரே, இன்னமும் அப்படித்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே தொண்டை கட்டிக்கொண்ட பொம்பளை, பாதி ஊருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள், ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமென்றால் இடது கை ஆள்காட்டி விரலால் டம்ளரைத் தட்டித்தான் சொல்லவேண்டியிருக்கிறது என்று நீ பார்த்துப் பார்த்து, திரையில் தொட்டாலே எழுத்து விழுகிற மாதிரி கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தாய். அது வந்த அன்றைக்கு வீட்டில் ஒரு புது ஆள் வந்த மாதிரிதான் இருந்தது. சாப்பாட்டு மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு அதன் மேல் வைத்தேன். அம்மா முதலில் உன் பெயரைத் தட்டினாள்.

ஆனால் வந்தது அது மட்டும் இல்லை, கூடவே ஒரு கூட்டமும் வந்தது. நாம் கேட்டு வாங்காதது, யாருக்கு வேண்டும் என்றே தெரியாதது. அம்மா ஒரு எழுத்தைத் தேடி விரலை நீட்டுவாள், ஓரத்திலிருந்து ஒரு செய்தி வந்து நிற்கும், எங்கேயோ ஒரு நாட்டில் பங்குச்சந்தை விழுந்துவிட்டதாம். அதைத் தள்ளினால் கலர் கலராக மிட்டாய் உடைக்கிற விளையாட்டு வா வா என்று கூப்பிடும். அதையும் தள்ளினால் உங்களுக்கு நான் உதவட்டுமா என்று ஒரு உதவியாளர், மனுஷனா என்ன என்று தெரியாத ஒன்று, பல்லைக் காட்டிக்கொண்டு வரும். இவ்வளவும் உள்ளே ஓடுவதால் அம்மா தொட்ட எழுத்து உடனே விழாது. விரல் எடுத்த பிறகு, கிணற்றில் போட்ட கல் சத்தம் மேலே வருகிற மாதிரி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரையில் தெரியும். அதற்குள் அம்மாவின் பார்வை ஜன்னலுக்குப் போய்விடும், திரும்பி வரும்போது என்ன சொல்ல வந்தாள் என்பது அவளுக்கே கலைந்துபோயிருக்கும். வேலைக்காலம் முழுக்க நீரேற்று நிலையத்தில் மோட்டார் சத்தத்துக்குள்ளேயே இருந்தவன் நான், எந்த மோட்டார் வேலை செய்கிறது, எது வெறுமனே சுற்றுகிறது என்று காதே சொல்லிவிடும். யாருமே தொடாதபோதும் இந்தக் கம்ப்யூட்டர் அடிவயிற்றில் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது, கையை வைத்துப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சூடு. வால்வை மூடிவிட்டு மோட்டாரை ஓடவிட்டது போல என்று மனதில் பட்டது. ஆனால் எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை.

இதிலெல்லாம் பெரியது அந்தப் பட்டைதான். நீயும் பார்த்திருப்பாய், ஒரு எழுத்தைத் தட்டியதுமே எழுத்துகளுக்கு மேலே ஒரு பட்டையில் மூன்று சொற்கள் வந்து நிற்கும். ‘ந’ என்று தட்டினால் நன்றி, நலம், நல்லது. ஒன்றைத் தொட்டால் முழுச் சொல்லும் விழும், அடுத்த சொல்லையும் அதுவே எடுத்துக் கொடுக்கும். ஆரம்பத்தில் எவ்வளவு வசதி என்று நான்கூடச் சந்தோஷப்பட்டேன். அம்மாவும் சீக்கிரமே அதற்குப் பழகிவிட்டாள். விரல் வலிக்கும்போது யார்தான் முழுசாகத் தட்டுவார்கள். பிரேக்கை மிதிக்கச் சொன்னேன், கொல்லச் சொல்லலை என்று பயிற்சிக்கு வந்த ஒரு வக்கீலிடமே சொன்னவள், கொஞ்சம் கொஞ்சமாக நன்றி, சரி, நலம், மகிழ்ச்சி என்று பேச ஆரம்பித்தாள். வாழ்த்து அட்டையோடு குடும்பம் நடத்துகிற மாதிரி இருந்தது, சிட்டு. உடம்பு முடியாமல் போனதில் அவள் குணமே சாந்தமாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன், வருகிறவர்களிடமும் அப்படியே சொன்னேன்.

மாடி வீட்டம்மாவின் பூனை காணாமல் போனதில்தான் எனக்கு முழிப்பு வந்தது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து விஷயத்தைச் சொல்ல, அம்மா ஏதோ தட்டினாள், கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது, அம்மா மறுபடியும் தட்டினாள், விரல் போய்ப் பட்டையில் பட்டது. மிக்க மகிழ்ச்சி என்று கொட்டை எழுத்தில் வந்து விழுந்தது. மாடி வீட்டம்மா அதைப் படித்துவிட்டு விறுவிறுவென்று படியேறிப் போனார். அம்மா இடது கையால் மேஜையை அடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் தட்டு என்று சொல்லிக் காத்திருந்தேன். ரொம்ப நேரத்துக்குப் பிறகு, மொட்டை மாடித் தொட்டிக்குப் பின்னால் பாருங்கள் என்று வந்தது. பூனை அங்கேதான் இருந்தது, குட்டியும் போட்டிருந்தது. நான் அன்றைக்கே அம்மா உனக்கு அனுப்பின செய்திகளை எல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாமே அந்தப் பட்டையில் வருகிற சொற்கள். இதெல்லாம் நீயா எழுதினே என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, பாதி என்று தட்டினாள்.

அந்தக் கூட்டத்தை வெளியே அனுப்புவது என்று நான் இறங்கினேன். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் ஊர்ப்பட்ட பெயர்கள், ஒன்றும் அறிமுகம் இல்லாதவை. விளையாட்டைத் தொட்டு நீக்கு என்று கொடுத்தேன், போயிற்று. செய்தியும் பங்குச்சந்தையும் போயின. உதவியாளரிடம் வந்தால் அந்த நீக்கு என்கிற சொல்லே மங்கலாக இருக்கிறது, அழுத்தினால் உள்ளே போகவில்லை. இது வீட்டோடு வந்தது, உன்னால் அனுப்ப முடியாது என்று அர்த்தமாம். சரி, முடிந்தது வரைக்கும் போதும் என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தோம். பிறகு ஒரு காலையில் அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று திரை நீலமாக நின்றது. முடிந்து பார்த்தால் போனவர்கள் எல்லாரும் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அதை மூடிவைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

கடைசியில் சுருட்டையைத்தான் கூப்பிட்டேன். உனக்கு நினைவிருக்கும், சுருட்டை முடியோடு பள்ளிக்கூடத்தில் உனக்குக் கீழ் வகுப்பில் படித்தவள், இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். அம்மாவிடம் கார் கற்றுக்கொண்டு லைசென்ஸ் பரிட்சையில் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டவள். கடைக்கு லீவு விடுகிற நாளில் வந்தாள், வெளியே நல்ல மழை. முதலில் உள்ளே இருக்கிறதை எல்லாம் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள், கை தவறினால் திரும்பிப் போக வழி வேண்டும் என்றாள். பிறகு அம்மாவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, “டீச்சர், உங்க வண்டி இது. எது இருக்கணும், எது போகணும்னு நீங்களே சொல்லுங்க, நான் ஓட்டறேன்” என்றாள். திரையில் கறுப்பாக ஒரு ஜன்னலைத் திறந்து, வெள்ளை எழுத்தில் ஏதோ கட்டளை எழுதினாள். மங்கலாக இருந்த பெயர்களும் அந்த வழியாகப் போகுமாம். ஆனால் சிலதைத் தொடக் கூடாது, அதெல்லாம் கதவுக் கீல் மாதிரி, தேவையில்லை என்று கழற்றினால் கதவே கையோடு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பெயராகப் படித்து, அது என்ன வேலை செய்யும் என்று சொன்னாள். அம்மா காரில் சொல்கிற மாதிரியே சொன்னாள். உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, விரலை முன்னால் நீட்டினால் போ. விரல்தான் அதிகம் நீண்டது. வானிலை என்று வந்தபோது மட்டும் உள்ளங்கையைக் காட்டினாள். சுருட்டை என்னைப் பார்த்தாள். அது உன் ஊர் வானிலை, சிட்டு. உனக்கு மழையா வெயிலா என்று அம்மா தினமும் பார்ப்பாள். அது இன்னமும் இருக்கிறது.

நான் சாய்வு நாற்காலியில் இருந்தேன். மழைச் சத்தமும் சுருட்டை பெயர்களைப் படிக்கிற சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, கண் அதுவாக மூடிக்கொண்டது. பழைய நீரேற்று நிலையத்தில் இருக்கிறேன், யாரோ ஒருவர் ஒவ்வொரு மோட்டாராக அணைத்துக்கொண்டே போகிறார், கோபமில்லாமல், விளக்கணைத்து வீட்டுக்குப் போகிறவர் மாதிரி. சத்தம் குறையக் குறையத் தொட்டியில் தண்ணீர் மேலே மேலே வருகிறது, அதில் ஒரு அலைகூட இல்லை, கூரையில் இருக்கிற ஓட்டையெல்லாம் அதில் நட்சத்திரமாகத் தெரிகிறது. கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. கம்ப்யூட்டர் மேஜையில் இருப்பதே தெரியாமல் இருந்தது. அடியில் கையை வைத்தேன், குளிர்ச்சியாக இருந்தது. அந்தப் பட்டையும் இல்லை. சுருட்டை ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அவள் போன பிறகு அம்மா தட்ட உட்கார்ந்தாள். தமிழ் எழுத்தே இல்லை. எங்கே தொட்டாலும் ஆங்கில எழுத்துதான் விழுந்தது. அந்தப் பட்டையும் தமிழ் கீபோர்டும் ஒட்டிப் பிறந்த மாதிரியாம், ஒன்றை எடுத்ததில் மற்றதும் போயிருக்கிறது. போன் செய்தேன், சுருட்டை பதறிவிட்டாள், அவசரமாக வெளியூர் போகிற வழியில் இருந்தாள், காலையில் முதல் வேலையாக வந்துவிடுகிறேன் என்றாள். அந்தச் சாயங்காலத்தைத்தான் உனக்குச் சொல்லவேண்டும். அரைகுறையாக இருந்த வார்த்தையும் போய்விட்டது, அம்மா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணி வேணுமா, ஃபேன் போடவா, கால் வலிக்குதா, படுத்துக்கிறியா, சிட்டுவைக் கூப்பிடவா என்று கேட்டுக்கொண்டே போனேன், எல்லாவற்றுக்கும் நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அவள் இடது கையை எடுத்து என் வாயைப் பொத்தினாள். கோபமாக இல்லை, தூங்குகிற பிள்ளை பக்கத்தில் பேசுகிறவரைப் பொத்துகிற மாதிரி. நான் நிறுத்தினேன். பிறகு இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் தண்ணீர் தேங்கி, வானம் கீழே கிடந்தது. எதிர் வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தார். அம்மாவின் கை மெதுவாக எழுந்தது, இடது, இன்னும் இடது, நிறுத்து. அவருக்கு அது தெரியவே தெரியாது, ஆனால் அதே மாதிரி திருப்பி, அதே இடத்தில் நிறுத்தினார். அம்மா சிரித்தாள். உடம்புக்கு வந்த பிறகு சத்தம் வருகிற மாதிரி அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

காலையில் சுருட்டை தலைகூட வாராமல் ஓடி வந்தாள். எடுத்து வைத்த பிரதியிலிருந்து கீபோர்டைத் திரும்பக் கொண்டுவந்தால் பட்டையும் கூடவே வந்துவிடும் என்பதால், எழுத்து மட்டும் இருக்கிற, வேறு ஒன்றும் தெரியாத ஒரு கீபோர்டைத் தேடிப் பிடித்துப் போட்டாள். டீச்சர், இனிமே இது உங்களுக்கு ஒண்ணும் எடுத்துக் கொடுக்காது, ஒவ்வொரு எழுத்தும் நீங்களே தட்டணும் என்று தயங்கிக்கொண்டே சொன்னாள். அம்மா விரலை நீட்டினாள். எழுத்து உடனே விழுந்தது, தொட்ட இடத்திலேயே தண்ணீர் ஊறின மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் திரைமேல் குனிந்தோம். கிளட்சை இன்னும் பாதியிலேயே விடுகிறாயா என்று சுருட்டைக்கு வந்தது. சுருட்டைக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, ஆமாம் டீச்சர் என்றாள். பிறகு அம்மா என் பக்கம் திரும்பி, ரொம்ப நேரம் எடுத்து எனக்கு ஒன்று தட்டினாள். உங்களுக்கும் அந்தப் பட்டை இருக்கிறது, அதையும் எடுக்கச் சொல்லவா. சுருட்டை தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நான் என்ன சொல்ல, கறுப்பு ஜன்னல் என்னிடம் இல்லையே என்றேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் பேச்சு மெதுவாகிவிட்டது, சிட்டு. ஒரு கேள்வி கேட்டுவிட்டு நான் பாத்திரம் துலக்கிவிட்டு வருவேன், பதில் பாதியில் இருக்கும், துணி மடிப்பேன், முடிந்திருக்கும். இந்த நாளெல்லாம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே எனக்குத் தெரிவதில்லை, ஏதோ தண்ணீருக்கடியில் நடக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் மூச்சு முட்டவில்லை. ஒரு நாள் அம்மா வேலை பார்த்த டிரைவிங் ஸ்கூல் முதலாளி வாசலில் வந்து நின்றார். அம்மா அவருக்கு எழுதியிருக்கிறாள், என்னிடம் மூச்சு விடவில்லை. சாலை விதி வகுப்பை நான் எடுக்கிறேன், சுவரில் பெரிய திரை மட்டும் மாட்டிக் கொடுங்கள் என்று. அவர் என்னைப் பார்த்து இது நடக்குமா என்றார், நான் அவளைக் கேளுங்கள் என்றேன். இப்போது வாரத்தில் சில காலைகளில் போகிறோம். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். அவள் தட்டுவது ஒவ்வொரு எழுத்தாகச் சுவரில் வருகிறது, அவசரக்காரப் பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறந்தபடி அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கிறார்கள். ஓட்டுவதற்கு முன்னால் காத்திருக்கப் பழகவேண்டும் என்று முதலாளி இப்போது தன் யோசனை மாதிரியே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி சொல்லப்போவதைக் கோபப்படாமல் படி. இந்த வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் உன்னோடு வந்துவிடவேண்டும் என்று நீ எழுதினதற்கு, அம்மா சரி, மகிழ்ச்சி என்று பதில் அனுப்பியிருந்தாள். நீ எவ்வளவு சந்தோஷமாகப் போன் செய்தாய். நானும் அது அவளே எழுதின பாதியில் சேர்த்தி என்று நம்பித்தான் புரோக்கரிடம் சாவியைக் கொடுத்தேன், அவர் ஆட்களைக் கூட்டிவந்து காட்டவும் ஆரம்பித்துவிட்டார். போன வாரம் ஒரு தம்பதி வந்து சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் அம்மா கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போகவில்லை. கூப்பிட்டபோது போய்ப் படித்தேன். சரியாக யோசிக்கவேண்டும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன், சரியோடு நின்றுவிட்டது, அடுத்த சொல்லை அதுவே போட்டது, நீங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டுவிட்டீர்கள் என்று இருந்தது. நான் அதைப் பலமுறை படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வர ஆசைதான். உன் தெருவில் காலையில் உன்னோடு நடப்பதாக நான் எத்தனையோ நாள் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அப்போ நாம போகவேண்டாமா என்று கேட்டேன், என் குரல் எப்படி வந்ததோ, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒரே கையால்தான் தட்டமுடியும் என்பதால் அதை விட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை, என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று தட்டினாள்.

அதனால் புரோக்கரிடம் சாவியைத் திரும்ப வாங்கிவிட்டேன். வரமாட்டோம் என்று இல்லை. இந்த வகுப்புப் பிள்ளைகள் பரிட்சை எழுதி முடிக்கட்டும், ஒரு தடவை வந்து உன்னோடு இருந்துவிட்டுத் திரும்புவோம், அதற்கு மேல் உள்ளதை மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுவோம், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. மாப்பிள்ளையிடமும் பக்குவமாகச் சொல், எங்களுக்காக அறை ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னாயே, வருத்தப்படப்போகிறார். நீ போன் செய்யும்போது இனி ஒன்று செய், என்னிடம் பேசிவிட்டு வைத்துவிடாதே, அம்மா பக்கம் போனைத் திருப்பச் சொல்லிவிட்டு சும்மா இரு. அவள் தட்டும்போது அதுவா இதுவா என்று ஊகம் செய்யாதே, எனக்கே இப்போதுதான் பழகுகிறது. வேளைக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாதே. போன தடவை உன் கண்ணுக்கடியில் கறுத்திருந்தது, வேலையா தூக்கமா என்று தெரியவில்லை, எதுவானாலும் குறைத்துக்கொள்.

அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள், இவ்வளவு நேரமும் முழித்துத்தான் இருந்திருக்கிறாள். கீழே அவளும் ஏதோ எழுதவேண்டுமாம், என்னை அறையை விட்டுப் போகச் சொல்கிறாள், அவளே அனுப்பிவிடுவாளாம். நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன். நீ எங்கே இருந்தாலும் உன் கால் ஊன்றுகிற இடம் உறுதியாக இருக்கட்டும், உன் வீட்டில் விளக்கும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய்.

எப்போதும் உன் நினைவாக,
அப்பா

சிட்டு, இது நான்.

வீடியோவில் உன் பின்னால் கதவு தெரியும். அதில் இரண்டு கோட்டு தொங்கும். ரொம்ப நாளாக ஒன்றுதான் தொங்குகிறது. மாப்பிள்ளை எங்கே என்றால் குளிக்கிறார், வெளியே போயிருக்கிறார் என்கிறாய். அப்பா நம்புகிறார். நான் ஒவ்வொரு தடவையும் கேட்க நினைத்தேன். எழுத்து வருவதற்குள் நீ வைத்துவிடுவாய்.

தனியாக இருக்கிறாயா? அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டாயா?

அப்படியென்றால் வீடும் வகுப்பும் எனக்குப் பெரிதில்லை. நாளைக்கே கிளம்புவேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் நீ என்னிடம் சொல். மெதுவாகச் சொல். நான் நடுவில் பேசமாட்டேன்.

அம்மா